கூடூ கொம்பும் ஒன்றரைப் பக்க ஒப்பந்தமும்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 46. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். அமெரிக்காவுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. கிரீன் கார்டு இருக்கிறது, பாஸ்போர்ட் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். அலுவலக நண்பர்களோடு சேர்ந்து 7 ஆண்டுகளாக முறையான உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போகிறார். சிறு வயதில் தாத்தாவோடு கண்மாய்க் கரையில் முயல் வேட்டைக்குப் போன நினைவுதான் இந்த ஆசைக்கு விதை என்கிறார்.

ஒரு வேட்டைக் கண்காட்சியில் நமீபியாவைச் சேர்ந்த அவுட்ஃபிட்டர் ஒருவரின் ஸ்டாலைப் பார்த்திருக்கிறார். வேட்டைப் பயணத்தை மொத்தமாக ஏற்பாடு செய்து தருபவரைத்தான் அவுட்ஃபிட்டர் என்கிறார்கள். 7 நாள், 5 விலங்கு, 5,900 டாலர். கூடூ, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் (மூன்றும் மான் போன்ற கொம்பு விலங்குகள்), வார்த்தாக் (ஒரு வகைக் காட்டுப் பன்றி), வரிக்குதிரை. பாதிப் பணத்தை இந்த மாதத்துக்குள் ஏஜென்டின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். “அப்படியே தென்னாப்பிரிக்கா போய் ஒரு பெண் சிங்கமும் முடித்துவிடலாம், சலுகை விலை” என்றும் அந்த ஏஜென்ட் சொல்கிறாராம். 14 வயது மகனைக் கூட்டிப்போக ஆசை. மனைவிக்கு இதெல்லாம் பாவம் என்ற எண்ணம், அதனால் இன்னும் சொல்லவில்லை. கூடூவின் தலையைப் பாடம் செய்து ஊரில் அப்பா வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது கனவு. ஒப்பந்தத்தையும் இணைத்திருக்கிறார். ஒன்றரைப் பக்கம்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. வேட்டைக்குப் போய்வந்து, அப்புறம் வக்கீலைத் தேடியவர்களின் காகிதங்களைப் படித்தவன். வேட்டையாடுவது சரியா தவறா என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, நானும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நமீபியாவில் இது சட்டப்படியான தொழில். 1975-ல் வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் நிலத்தின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் நிலத்து விலங்குகள் மீது உரிமை கொடுத்தது. 1996-ல் செய்த திருத்தம் அந்த உரிமையைப் பொது நிலங்களில் வாழும் மக்களின் ‘கன்சர்வன்ஸி’ அமைப்புகளுக்கும் நீட்டித்தது. இன்று அப்படி 80-க்கும் மேற்பட்ட கன்சர்வன்ஸிகள் இருக்கின்றன. வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது, இறைச்சியை ஊர் மக்கள் சாப்பிடுகிறார்கள். உங்களுடையது தனியார் பண்ணை என்று தெரிகிறது. அதுவும் சட்டத்துக்கு உட்பட்டதே.

உங்கள் கடிதத்தில் துப்பாக்கி பற்றி இரண்டு பக்கம், ஒப்பந்தம் பற்றி இரண்டு வரி இருந்தது. என் பதில் அதற்கு நேர்மாறாக இருக்கும். இதுவரை என்னிடம் வந்தவர்களில் துப்பாக்கியால் சிக்கலில் மாட்டியவர்கள் மிகக் குறைவு. கையெழுத்துப் போட்ட காகிதத்தால் மாட்டியவர்களே அதிகம்.

யாரோடு ஒப்பந்தம்?

நீங்கள் அனுப்பிய ஒன்றரைப் பக்கத்தில் ஏஜென்டின் பெயர் இருக்கிறது, பண்ணையின் பெயர் இருக்கிறது, படங்கள்கூட இருக்கின்றன. உங்களோடு ஒப்பந்தம் செய்பவர் யார் என்பது மட்டும் எங்கும் இல்லை. பணம் வாங்குபவர் ஏஜென்ட், சேவை தருபவர் அவுட்ஃபிட்டர், காட்டில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் இன்னொருவர். இந்த மூவரில் யார் உங்களுக்குப் பொறுப்பு? நாளை பண்ணை கைமாறினாலோ, அவுட்ஃபிட்டர் திவாலானாலோ, “நான் வெறும் இடைத்தரகர்” என்று ஏஜென்ட் நழுவிக்கொள்ள இந்தக் காகிதம் தாராளமாக இடம் கொடுக்கிறது.

கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தார், அதனால் சரிபார்க்கப்பட்ட ஆளாகத்தான் இருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டாலுக்கு வாடகை கட்டினால் ஸ்டால் கிடைக்கும், அவ்வளவுதான். நமீபியாவில் வெளிநாட்டு வேட்டைக்காரர் தனியாக வேட்டையாட முடியாது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் பதிவு பெற்ற வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். அதிலும் படிநிலைகள் உண்டு. வேட்டை வழிகாட்டி என்ற பதிவு சொந்தப் பண்ணைக்குள் மட்டுமே செல்லும். ‘ப்ரொஃபஷனல் ஹன்டர்’ என்ற பதிவு உள்ளவர் மற்ற நிலங்களிலும் அனுமதியோடு வேட்டை நடத்தலாம். ஆபத்தான பெரிய விலங்குகளுக்குத் தனித் தகுதி வேண்டும். உங்களோடு வரப்போகிறவரின் பெயரையும் பதிவுச் சான்றின் நகலையும் கேளுங்கள். 1974-லிருந்து இயங்கும் நமீபிய ப்ரொஃபஷனல் ஹன்டர் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்று சங்கத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். சங்க உறுப்பினர் என்பது உரிமம் ஆகாது, உரிமம் வேறு. இரண்டையும் கேளுங்கள்.

முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம், பாதித் தொகை என்பதும் அசாதாரணம் இல்லை. ஆனால் தனிநபர் கணக்குக்கு வங்கிப் பரிமாற்றமாக அனுப்பாதீர்கள். அனுப்பிய பணம் போனது போனதுதான். நிறுவனத்தின் பெயரில், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அமெரிக்காவில் கார்டுப் பணத்தைத் தகராறு செய்து திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதற்காக அவர் கூடுதலாக மூன்று சதவீதம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

5,900 டாலர் எதற்கு?

பொதுவாக ஆப்பிரிக்க வேட்டையில் இரண்டு கட்டணம் உண்டு. ஒன்று நாள் கட்டணம்: தங்குமிடம், சாப்பாடு, வண்டி, வழிகாட்டி. மற்றொன்று சுட்ட விலங்குக்கு உண்டான டிராபி கட்டணம். வேட்டையின் நினைவாக வைத்துக்கொள்ளும் தலை, கொம்பு, தோலைத்தான் டிராபி என்கிறார்கள். ‘பேக்கேஜ்’ என்பது இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது. பார்க்க மலிவாக இருக்கும். பொட்டலத்துக்கு வெளியே இருப்பவற்றைத்தான் கேட்க வேண்டும்.

விமான டிக்கெட் உள்ளே வராது. 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்ந்ததா என்று உங்கள் காகிதம் சொல்லவில்லை. மகன் பார்வையாளராக வந்தால் அவனுக்கும் நாள் கட்டணம் உண்டு. வழிகாட்டிக்கும் தடம் பார்ப்பவருக்கும் சமையல்காரருக்கும் அன்பளிப்பு தர வேண்டும், அது அங்கே எழுதப்படாத விதி. அப்புறம்தான் பெரிய செலவு: தோலையும் கொம்பையும் சுத்தம் செய்து மருந்தில் நனைத்துப் பெட்டி கட்டுவது, விமான சரக்குக் கட்டணம், ஹூஸ்டனில் சுங்கத் தரகர் கட்டணம், டெக்சாஸில் பாடம் செய்பவரின் கூலி. ஐந்து விலங்கையும் பாடம் செய்யத் தீர்மானித்தால் நீங்கள் சொன்ன தொகை இரண்டு மடங்கைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். என்னிடம் வந்த ஒருவர் வேட்டைக்குக் கட்டியதைவிடக் கொம்பைக் கொண்டுவரக் கட்டியது அதிகம். கொம்பு வந்துசேர ஒன்றரை வருஷம் ஆனது. இடையில் அது எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத இன்னொரு விதி பற்றிச் சொல்கிறேன். இது எழுதப்படாவிட்டாலும் பண்ணையில் நடைமுறையாக இருக்கும். ஒரு துளி ரத்தம் விழுந்தால் அந்த விலங்கு உங்கள் கணக்கில் ஏறிவிடும். காயம்பட்ட கூடூ முள்காட்டுக்குள் போய் மறைந்துவிட்டால், இரண்டு நாள் தேடியும் கிடைக்காவிட்டால், உங்கள் ஐந்தில் ஒன்று முடிந்தது. வேறொன்று வேண்டுமானால் தனிக் கட்டணம். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை, அந்த விலங்கு செத்திருக்கத்தான் வாய்ப்பு. ஆனால் காயத்தை யார் தீர்மானிப்பது, எவ்வளவு நேரம் தேடுவார்கள், மாற்று விலங்குக்கு என்ன விலை என்பதெல்லாம் முன்னாலேயே எழுத்தில் வேண்டும். ஒரு விலங்கு கண்ணிலேயே படாவிட்டால் பணம் திரும்புமா, வேறு விலங்கு தருவார்களா என்பதும் அப்படியே. சில பண்ணைகளில் கொம்பின் நீளம் ஓர் அளவைத் தாண்டினால் கூடுதல் தொகை கேட்பார்கள். உங்களுடையதில் அப்படி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

வேலி பற்றியும் கேளுங்கள். நமீபியாவில் உயர வேலி போட்ட பண்ணையும் உண்டு, வேலி தாண்டி விலங்குகள் நடமாடும் திறந்த நிலமும் உண்டு. எத்தனை ஏக்கர், விலங்குகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவையா, வாங்கி வந்து விட்டவையா? தாத்தாவோடு கண்மாய்க் கரையில் நடந்ததுபோல் ஓர் அனுபவம் வேண்டும் என்கிறவருக்கு இந்தக் கேள்விக்கான பதில் முக்கியம்.

எந்த வரிக்குதிரை?

உங்கள் ஒப்பந்தத்தில் வெறுமனே ‘வரிக்குதிரை’ என்று இருக்கிறது. நமீபியாவில் இரண்டு உண்டு. சமவெளி வரிக்குதிரை ஒன்று, ஹார்ட்மன் மலை வரிக்குதிரை மற்றொன்று. மலை வரிக்குதிரை அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நமீபியா ஏற்றுமதி அனுமதி தந்தால்தான் அதன் தோல் விமானம் ஏறும். அமெரிக்காவின் அழிநிலை உயிரினச் சட்டத்திலும் அதற்குத் தனி இடம் உண்டு. சமவெளி வரிக்குதிரைக்கு இந்தத் தலைவலி இல்லை. கூடூ, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக், வார்த்தாக் நான்கும் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. அதனால் எந்த வரிக்குதிரை என்று எழுதச் சொல்லுங்கள். மலை வரிக்குதிரை என்றால் ஏற்றுமதி அனுமதி யார் பொறுப்பு என்றும் எழுதச் சொல்லுங்கள்.

பட்டியலில் இல்லாதவற்றையும் சும்மா கொண்டுவந்துவிட முடியாது. அமெரிக்க மீன்-வனவிலங்குத் துறைக்கு 3-177 என்ற அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். வார்த்தாக் பன்றி இனம்; கூடூ, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் மூன்றும் அசைபோடும் குளம்பு விலங்குகள். நோய்ப் பரவல் பயத்தால் வேளாண் துறையும் இவற்றின் தோலைக் கவனிக்கும், அதனால் அத்துறை ஒப்புதல் தந்த இடத்துக்கே அனுப்புங்கள். ஹூஸ்டன், டல்லாஸ் இரண்டுமே இதற்கெனக் குறிக்கப்பட்ட நுழைவு இடங்கள் என்பதால் உங்களுக்கு வசதிதான். இறைச்சியைக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஓரிக்ஸ் இறைச்சி அருமையாக இருக்கும் என்கிறார்கள், அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

1900-ல் வந்த லேசி சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வேற்று நாட்டின் வனவிலங்குச் சட்டத்தை மீறிச் சுட்டதை அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தால் இங்கேயும் குற்றம். நமீபியாவில் அனுமதிச் சீட்டை உங்கள் பெயரில், வேட்டை தொடங்குமுன் அவுட்ஃபிட்டர் வாங்கியிருக்க வேண்டும். பண்ணையில் இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “வந்துகொண்டிருக்கிறது” என்று சொன்னால் வரும்வரை துப்பாக்கியைத் தொடாதீர்கள். இரவு வேட்டைக்குச் சும்மா கூப்பிட்டாலும் போகாதீர்கள், டிராபி வேட்டையில் அதற்கு அங்கே தடை.

அப்புறம் அந்தப் பெண் சிங்கம். சலுகை விலையில் சிங்கம் என்றால் அது பெரும்பாலும் கூண்டில் பிறந்து, வேட்டைக்காகவே அடைப்புக்குள் திறந்துவிடப்பட்ட சிங்கம். காட்டுச் சிங்கம் சலுகையில் வராது. தென்னாப்பிரிக்காவில் அடைத்து வளர்த்த சிங்கங்களின் டிராபிகளுக்கு அமெரிக்கா 2016-லேயே கதவை மூடியது. இந்தத் தொழிலையே முடிவுக்குக் கொண்டுவரப் போவதாகத் தென்னாப்பிரிக்க அரசு 2021 மே மாதம் அறிவித்தது. 2017-ல் இந்தப் பிரச்சினையால் அங்குள்ள வேட்டைக்காரர் சங்கமே இரண்டாக உடைந்தது, வேட்டைக்காரர்களிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. நீங்கள் கேட்காமலே இதை நீட்டினார் என்பதால் அந்த ஏஜென்டின் மற்ற வாக்குறுதிகளையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன்.

துப்பாக்கி

இது பற்றிச் சுருக்கமாக. உங்கள் 30-06 ரைஃபிள் பட்டியலில் உள்ள ஐந்துக்கும் போதும். கூடூ, ஓரிக்ஸ் அளவு விலங்குகளுக்கு நமீபியா குண்டுக்குக் குறைந்தது 2,700 ஜூல் ஆற்றல் கேட்கிறது, உங்கள் குண்டு அதைவிட நன்றாகவே கொடுக்கும். அதைக் கொண்டுபோவதானால் புறப்படுமுன் அமெரிக்கச் சுங்கத்தில் 4457 எண் படிவத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நமீபியாவின் தற்காலிக அனுமதி தலைநகர் விண்ட்ஹூக்கின் விமான நிலையத்திலேயே கிடைக்கும். சிக்கல் வழியில்தான். ஜோகன்னஸ்பர்க்கில் இரவு தங்கினாலோ, இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்துப் பெட்டியை வெளியே எடுத்தாலோ, தென்னாப்பிரிக்கப் போலீஸின் 520 எண் படிவமும் தேவைப்படும். விண்ட்ஹூக் வரை ஒரே டிக்கெட்டில் பெட்டியை அனுப்புங்கள். அல்லது முதல் பயணம் என்பதால் பண்ணையின் துப்பாக்கியை வாடகைக்கு எடுங்கள். என் யோசனை அதுதான்.

டெக்சாஸ் உரிமம் அங்கே செல்லுபடியாகும் என்று நினைத்திருக்கிறீர்கள். செல்லாது. ஆனால் அதைக் கையில் வைத்திருங்கள், நீங்கள் பழக்கப்பட்டவர் என்று காட்ட உதவும். இதைப் படிக்கும் எச்1-பி விசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கிரீன் கார்டு இல்லாத தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியான மறுநாள் நிலைமை மாறிவிடும்.

நீங்கள் மேடையில் உட்கார்ந்து சாய்வாக வைத்துச் சுட்டுப் பழகியவர். அங்கே நடந்துபோய், மூன்று கால் குச்சியில் வைத்து நின்றபடி சுட வேண்டும். ஆப்பிரிக்க விலங்குகளுக்கு இதயம் வெள்ளைவால் மானைவிடச் சற்று முன்னால், தோள்பட்டைக்கு நேராக இருக்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இரண்டு மாதம் குச்சி வைத்துப் பழகுங்கள். மேலே சொன்ன ரத்தத்துளி விதி உங்கள் பணத்தை மட்டும் பாதிக்காது. காயத்தோடு ஓடும் விலங்கின் வேதனை என்று ஒன்று இருக்கிறது.

அப்பா வீட்டுச் சுவர்

இதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது. கூடூ தலையை ஊருக்கு அனுப்ப முயற்சி செய்யாதீர்கள். காட்டு விலங்குகளையும் அவற்றின் உறுப்புகளையும் இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. நமீபியாவில் சட்டப்படி சுட்டது என்ற சான்று சென்னை விமான நிலையத்தில் உங்களைக் காப்பாற்றாது. பறிமுதல், சுங்கச் சட்டத்தில் வழக்கு, இரண்டும் நடக்கலாம். மிஞ்சிப்போனால் நீங்கள் டெக்சாஸ் திரும்பிவிடுவீர்கள், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டில் இருக்கும் அப்பா. அவர் வயதுக்கு வனத்துறை ஜீப் வாசலில் நிற்பது வேண்டாம். தாத்தாவின் முயல் வேட்டையும் இன்று குற்றம்தான், அவர் காலம் வேறு. தலையை உங்கள் டெக்சாஸ் வீட்டிலேயே மாட்டுங்கள். அப்பாவுக்கு ஒரு நல்ல புகைப்படம் போதும்.

புகைப்படம் என்றதும் இன்னொன்று. 2015-ல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தைச் சுட்ட அமெரிக்கப் பல் மருத்துவரின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய காகிதங்கள் சரியாக இருந்தன என்று ஜிம்பாப்வே அரசே பின்னர் சொன்னது. அதற்குள் அவர் மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடி, சில வாரம் மூடியே வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் கூடூவுக்கு அந்த அளவு கவனம் வராது. ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில், விலங்கின் மேல் கால் வைத்து எடுத்த படத்தைப் போடாதீர்கள். மகனின் படத்தை எங்குமே போடாதீர்கள்.

மனைவியிடம் சொல்லாமல்

குடும்ப ஆலோசனை என் துறை இல்லை. ஆனால் சட்டமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழான பிள்ளையோடு ஒரு பெற்றோர் மட்டும் நமீபியாவுக்குள் நுழைந்தால், பிறப்புச் சான்றிதழோடு மற்ற பெற்றோரின் எழுத்துப்பூர்வமான, சான்றுறுதி பெற்ற சம்மதமும் கேட்பார்கள். ஆக, மகன் வர வேண்டுமானால் உங்கள் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். மறைத்து ஒரு கையெழுத்து வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம், அது வேறு வழக்கு.

அவரிடம் சொல்லும்போது வனப்பாதுகாப்பு, பொருளாதாரம் என்றெல்லாம் வாதாட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. அவர் பாவம் என்று சொல்கிறார், நீங்கள் கன்சர்வன்ஸி என்று பதில் சொன்னால் இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுவீர்கள். ஏன் போக விரும்புகிறீர்கள் என்று எனக்கு எழுதினீர்களே, தாத்தா, கண்மாய், விடியற்காலைக் குளிர் என்று, அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் அவர் வேண்டாம் என்றால், மகனை இந்த முறை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போவதா இல்லையா என்பது உங்கள் இருவருக்கும் இடையில்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். முன்பணத்தை நிறுத்திவையுங்கள். மேலே நான் கேட்டவற்றை ஒரே மின்னஞ்சலில் ஏஜென்டுக்கு அனுப்புங்கள். “மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தேதி போய்விடும்” என்பார். நமீபியாவில் வேட்டைக் காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை, தேதிகளுக்குப் பஞ்சமில்லை. மே முதல் ஆகஸ்ட் வரை இரவில் உறையும் குளிர், பகலில் இதமான வெயில், அதுதான் நல்ல பருவம் என்று போனவர்கள் சொல்கிறார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது வேட்டையும் துப்பாக்கிக் காயமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள். பண்ணையிலிருந்து விண்ட்ஹூக் மருத்துவமனைக்கு விமானத்தில் தூக்கிப்போகும் செலவும் அதில் அடங்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு நமீபியா விசா விதிகள் என்ன என்பதையும் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அவுட்ஃபிட்டரிடம் பழைய வாடிக்கையாளர்களின் தொடர்பு கேட்பீர்கள். சிரித்தபடி கொம்போடு நிற்பவர்களின் பெயரைத் தருவார். நீங்கள் வேறு இரண்டு பேரைக் கேளுங்கள்: விலங்கைக் காயப்படுத்தித் தொலைத்தவர் ஒருவர், பயணத்தை ரத்து செய்து பணம் திரும்பக் கேட்டவர் ஒருவர். அவர்களோடு பேசிவிட்டு, திருத்திய ஒப்பந்தத்தோடு மறுபடி எழுதுங்கள்.